கைவிடப்பட்ட தோட்டத்தில் உறையாத தயிர்

ஈப்போவில் என்னைக் கோபப்படுத்தியவற்றையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மனம் அடங்கும். ஊர் திரும்பிய பிறகு எடுத்துப் பார்த்தால், ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. அந்த ஒன்று ஒரு சொல்: "கைவிடப்பட்ட."

அதை முதலில் திருச்சியில், ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். நான் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களை உலோக உப்பு கலந்த நீரில் விட்டால், தங்களைக் காத்துக்கொள்ள அந்த உலோகத்தை மிக நுண்ணிய துகள்களாக மாற்றிவிடும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள். நானோ துகள்கள் என்பது இவற்றைத்தான். வெள்ளியில் செய்த நானோ துகள்கள் கிருமிகளைக் கொல்லும். காயக்கட்டு, துணி, தெளிப்பான் என்று அவற்றுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. வழக்கமான முறையில் செய்யக் கடுமையான ரசாயனங்கள் வேண்டும். பாக்டீரியா வளர்ந்த நீரை வடித்தெடுத்து அதில் வெள்ளி உப்பைக் கலந்தால், அந்த ரசாயனம் எதுவும் இல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழலுக்கு இணக்கமான முறை. நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போதும் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

மலாய் நாட்டில், ஈப்போ பக்கம் ஓர் ஆய்வகம் இதில் நன்றாக வேலை செய்யும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. எங்களுக்கும் அனுப்பினார்கள். வந்து சேர்ந்தபோது செத்திருந்தது. மறுபடி அனுப்பினார்கள், அதுவும் செத்திருந்தது. "நேரில் போய் அதே மண்ணை எடுத்து வா" என்று என் நெறியாளர் அனுமதிக் காகிதங்களைக் கையில் கொடுத்துவிட்டார். கட்டுரையில் இடம் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "பேராக், ஈப்போவுக்கு அருகே கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம்." ஆளில்லாத காடு என்று நினைத்து, பாம்புக்காக உயரமான காலணி வாங்கினேன்.

ஊரில் ஒரு மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஈப்போவில் எந்தத் தெருவின் முனையில் நின்றாலும் ஒரு சுண்ணாம்புக் குன்று வந்து நிற்கிறது. யாரும் ஏறிட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. முதல் நாள் மத்தியானம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். "தண்ணி என்னா?" என்றார் பரிமாறுபவர். சாதாரணத் தண்ணீர் போதும் என்றேன். அங்கே தண்ணி என்றால் பானம்; தே தாரே, காப்பி, சீராப் என்று ஒரு முழு வரிசை சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, எதையும் கேட்காமல் ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். நன்றாக இருந்தது.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கருவாட்டுக் குழம்பும், மிளகாய் போட்டு வதக்கிய பாகற்காயும் இருந்தன. கடைசியில் தயிர் கேட்டபோது, மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வந்தது. அதில் சீனி போட்டிருந்தது. வீட்டுத் தயிர் கிடையாதா என்று கல்லாவில் இருந்த கடைக்காரரைக் கேட்டேன்.

"இருந்துச்சுமா. தோட்டத்துலேருந்து லெட்சுமின்னு ஒரு அக்கா சட்டித் தயிர் போடுவாங்க. கத்தி வச்சு வெட்டலாம், அப்படி இருக்கும். இப்ப தண்ணியா ஓடுது. பால்ல தண்ணி ஊத்துறாங்கபோல. கேட்டா கோவம் வேற வருது." பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். "பேக்கெட் தயிருதான் நல்லது லா. சண்டைக்கு வராது."

அப்போது இதை என் பட்டியலில் சேர்க்கவில்லை. சீனி போட்ட தயிரை மட்டும் சேர்த்தேன்.

மறுநாள் ஆய்வகம். டாக்டர் சேகரன் என்ற தலைமை ஆய்வாளர் மிக மரியாதையாக நடந்துகொண்டார். தாமும் ஈப்போக்காரர்தான் என்றார். பேச்சு மட்டும் முழுக்க ஆங்கிலத்தில். குடுவைகளைக் காட்டினார். வெளிறிய மஞ்சளாக இருந்த திரவம் வெள்ளித் துகள்கள் உருவானதும் பழுப்பாக மாறியிருந்தது. அங்கே தே ஓ என்று கொடுக்கும் பாலில்லாத் தேநீர் போன்ற நிறம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிறமாற்றம் பிடிக்கும். அங்கேயும் பிடித்தது.

சுவரில் ஒரு பெரிய விளக்கப் பலகை. மேலே கொட்டை எழுத்தில், மண் எடுத்த இடம்: கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம். கீழே, "சமூகத்துக்குத் திருப்பித் தருதல்" என்ற தலைப்பில் ஒரு புகைப்படம். பூப்போட்ட சட்டையும் கைலியும் கட்டிய ஒரு பெண், பழுப்புத் திரவம் நிறைந்த பெரிய போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார்.

"இவர் யார் சார்?"

"உள்ளூர்வாசி. நம் தயாரிப்பை அவருக்கு இலவசமாகக் கொடுத்தோம்."

"கைவிடப்பட்ட தோட்டத்தில் உள்ளூர்வாசி எப்படி இருப்பார்?"

அவர் சிரித்தார். "ரப்பர் இல்லை அல்லவா? அதனால் அப்படி எழுதுவது வழக்கம்."

எனக்கும் ஒரு போத்தல் கொடுத்தார். "தெளித்த பின் கழுவ வேண்டாம். அப்படியே காயவிடவும். நீண்ட நேரப் பாதுகாப்பு" என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தது. தமிழும் இருந்தது, பிழையில்லாமல். அதற்காக அவர்களைப் பாராட்டினேன் என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். மணியம் என்ற காரோட்டி அமைந்தார். அண்ணே என்று கூப்பிட்டதும் மீட்டரை மறந்துவிட்டுக் குடும்பக் கதையைத் தொடங்குகிற வகை. பெரிய சாலையை விட்டு இறங்கியதும் இருபக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள், இனி அதையும் வெட்டிவிட்டு வீடு கட்டுவார்கள் என்றார். செம்மண் பாதையில் பழக்குலை ஏற்றிய லோரிக்கு வழி விட ஒதுங்கியபோது, கீழே கிடந்த மட்டை முள் டயரில் ஏறிவிட்டது. மாற்று டயரிலும் காற்று இல்லை.

"ஒரு வருஷமா பாக்கணும் பாக்கணும்னுதான் இருந்தேன்" என்றார் மணியம் அண்ணன், அது டயரின் குற்றம் என்பதுபோல. மீதித் தூரம் நடந்தோம். பாம்புக் காலணி அதற்கு மட்டும் உதவியது.

கைவிடப்பட்ட தோட்டத்தில் நான் கண்டவை: துவைத்துக் காயப்போட்ட பள்ளிச் சீருடைகள், கூரைக்குக் கூரை தொலைக்காட்சித் தட்டுகள், அன்றைய பூ வாடாத முனீஸ்வரன் கோயில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்த இருவர். வரிசையின் கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டகை. அதன் வாசலில் பலகையில் பார்த்த அதே பெண். பெயரைக் கேட்டால், கடைக்காரர் சொன்ன அதே லெட்சுமி அக்கா.

"பசியாறியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது: "நீயும் மண்ணு எடுக்குற கூட்டமா?"

ஆமாம் என்றேன். உங்களிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று வந்தேன் என்றேன்.

"பரவால்ல, நீ கேக்குற. போன தடவ வந்தவங்க கொட்டாய்க்குப் பின்னால குனிஞ்சு வாரிக்கிட்டு இருந்தாங்க. சாணி அள்ள வந்திருக்காங்கன்னு நெனச்சு, பரவால்ல, ஓசியிலயே சுத்தம் பண்றாங்களேன்னு பேசாம இருந்துட்டேன். பொறவு ஒரு போத்தலக் குடுத்து போட்டோ புடிச்சாங்க."

"மாட்டு மூத்திர மண்ண ப்ளேன்ல ஏத்தவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் மணியம் அண்ணன். "எங்கிட்ட சொல்லியிருந்தா தபால்ல போட்டிருப்பேனே."

கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். ஒன்று கிழட்டுக் கறுப்பு. மற்றது பெரிய கண்களுள்ள செவலை, பெயர் ராணி. நான் கழுத்தைத் தடவியபோது அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரொம்பப் பழகாத. நாளைக்குக் காலையில லோரி வருது அவள ஏத்த."

ஏன் என்று கேட்டேன்.

"அவ வந்ததுலேருந்து தயிர் ஒறைய மாட்டேங்குது. தஞ்சோங் மாலிம்ல ஆசையா வாங்குனேன். மாட்டு டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லேங்குறாரு. தீவனம் மாத்திப் பாத்தேன். முனியாண்டிக்குப் பூச போட்டேன். கடைக்காரன் என்னைத் தண்ணி ஊத்துறவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். எங்கப்பா மரத்துப் பால எடுத்தாரு, நான் மாட்டுப் பால எடுக்குறேன், ரெண்டுலயும் தண்ணி ஊத்துன வம்சம் இல்ல இது."

"லோரிக்காரர் வளர்ப்பதற்கா வாங்குகிறார்?"

அக்கா ராணிக்குத் தீவனம் அள்ளிப் போட்டார். "கறிக்கு" என்றார் மணியம் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

தயிர் என் படிப்புக்குள் அடங்குகிற விஷயம். அதனால் எனக்குப் பழக்கமான முறையில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீவனம், தண்ணீர், உறை மோர், தயிர் வைக்கிற இடம். எதிலும் மாற்றமில்லை. கடைசியில், சட்டியை எதில் கழுவுகிறீர்கள் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய்ச் சாமி மாடத்துக்கு அடுத்த தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்தார். பழுப்புத் திரவம். கால்வாசி மிச்சம்.

"ஒங்க ஆளுங்க குடுத்ததுதான், ராணி வந்த அதே மாசம். வெள்ளித் தண்ணியாம். கடையில கெடைக்காதாம். மொதல்ல பால் வாளிக்கு மட்டும் அடிச்சேன். வாளிக்கு இவ்ளோ நல்லதுன்னா சட்டிக்கு இன்னும் நல்லதுதானேன்னு, ஊத்தி ஊற வச்சேன். கழுவக் கூடாதுன்னு போட்டிருக்கு, அதனால கழுவுறதில்ல. தயிர் கெட்டுப்போவ ஆரம்பிச்சதும் ரெண்டு பங்கா ஊத்தினேன்."

நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மண்சட்டி திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன வெள்ளி அங்கேயே தங்கிவிடும். அந்தச் சட்டியில் பாலை ஊற்றினால், உறைய வைக்க வேண்டிய நுண்ணுயிர்களை அது கொல்லும். தயிர் கெடக் கெட அக்கா இன்னும் சுத்தம் செய்திருக்கிறார். இன்னும் சுத்தம் செய்யச் செய்ய இன்னும் கெட்டிருக்கிறது. படித்தவர்கள் கொடுத்த வழிமுறையை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதற்கான பலன் இது.

"அக்கா, தயிருங்கறதே கிருமிதான். நல்ல கிருமி. இந்தத் தண்ணி நல்லது கெட்டது பாக்காம எல்லாத்தையும் கொன்னுடும்."

"எந்தயிருல கிருமியா?" அவர் குரல் மாறியது.

"கடைக்காரன் தண்ணிங்கறான், இந்தப் புள்ள கிருமிங்குது" என்றார் மணியம் அண்ணன். "லெட்சுமி, ஒனக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல லா."

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டுவது எளிது. அக்கா வழக்கமாக ஒன்றாகக் கலந்துவிடும் இரண்டு மாட்டின் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சினோம். திரவத்தில் ஊறிய சட்டிகளில் இரண்டு எடுத்தோம். ஒன்றில் ராணியின் பால், மற்றதில் கறுப்பின் பால். அந்தத் திரவம் படாத இரண்டு பாத்திரங்கள் வேண்டும். போன பொங்கலுக்குப் பொங்கி இறக்கிய பானை ஒன்றைப் பக்கத்து வீட்டில் மஞ்சள் கோடு அழியாமல் வைத்திருந்தார்கள். மணியம் அண்ணன் அங்கேயே ஒரு தூக்குப் பாத்திரமும் வாங்கிவந்தார். பானையில் ராணியின் பால், தூக்கில் கறுப்பின் பால். நான்கிலும் ஒரே உறை மோர், ஒரே அளவு. மாட்டின் குற்றமென்றால் ராணியின் பால் இரண்டு இடத்திலும் கெட வேண்டும். சட்டியின் குற்றமென்றால் சட்டியில் மட்டும் கெட வேண்டும். அக்கா இதை உடனே பிடித்துக்கொண்டார். நான்கின் மேலும் கரித்துண்டால் அவரே அடையாளம் போட்டார்.

ஒட்டுப் போட்ட டயரோடு மறுநாள் காலை போனபோது லோரி எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. லோரிக்கார மலாய்க்காரர் கயிற்றைக் கையில் சுற்றியபடி நிற்க, அக்கா கொட்டகை வாசலை மறித்து நின்றார்.

"அந்தப் புள்ள வரட்டும். வந்து நாலு பாத்திரத்தையும் பாக்கட்டும்" என்றார்.

சட்டிகள் இரண்டிலும் பால் புளிக்கவும் இல்லை, உறையவும் இல்லை; தயிரென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, ஆட்டினால் அலை அடித்தது. தூக்கில் இருந்தது உறைந்திருந்தது. அக்கா பொங்கல் பானையின் மூடியைக் கடைசியாகத் திறந்தார். பானையைச் சாய்த்தார். ராணியின் தயிர் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். அசையவில்லை.

அவர் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். ராணியிடம் என்ன பேசினார் என்று தெரியாது. சேலைத் தலைப்பு இல்லாததால் கைலியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

லோரிக்காரர் மலாயில் கேட்டதை மணியம் அண்ணன் எனக்குச் சொன்னார்: "பால் கட்டியானதுக்கா மாட்டத் தர மாட்டேங்குறீங்க? இவ்ளோ தூரம் வந்திருக்கேன்." அக்கா ஒரு கிண்ணம் தயிரை அவர் கையில் வைத்தார். அவர் யோசித்துவிட்டு, சீனி இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அன்று அது தவறாகப் படவில்லை.

கைப்பேசிச் சிக்னல் கோயில் மதிலடியில்தான் கிடைத்தது. டாக்டர் சேகரனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அருமை. நுண்துளைப் பரப்புகளில் இவ்வளவு நாள் செயல்திறன் நிற்கிறது என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை. நான்கு பாத்திரங்களையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

"சார், அவர் தயிர் விற்கிறவர். அதைக் கேட்காமல் இதைக் கொடுத்திருக்கிறீர்கள்."

"ஐயோ, பாவம். இன்னொரு பெட்டி இலவசமாக அனுப்பச் சொல்கிறேன்."

நான் பொதுவாகக் குரலை உயர்த்துவதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. பெட்டி வேண்டாம் என்றேன். புதுச் சட்டிகள் வேண்டும், தயிர்ப் பாத்திரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று போத்தலில் அச்சடிக்க வேண்டும், பலகையிலும் கட்டுரையிலும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்றேன். சட்டிக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்றார். தயாரிப்பு வழங்கத்தான் இருக்கிறதாம். அச்சடிப்பதைப் பரிசீலிப்பார்களாம். வெளிவந்த கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றுவது நடைமுறையில் கடினமாம். படங்களை மட்டும் மறந்துவிட வேண்டாம் என்று முடித்தார். நான் அனுப்பவில்லை.

மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரைக் கொண்டு, எந்தக் கேடும் இல்லாத முறையில் செய்த பொருள். அதைக் கொண்டுபோய் அதே மண்ணின் மேல் நிற்கிற பெண்ணின் தயிரைக் கொன்றார்கள். செத்ததைப் பார்த்து மகிழ்கிறார்கள். என் நிபந்தனை இதுதான்: ஓரிடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற நுண்ணுயிர்கள் எவை, அவற்றை நம்பிப் பிழைப்பவர் யார் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் அந்த முறையை இணக்கமானது என்று சொல்ல வேண்டும்.

சட்டிகளுக்கு வழி சொன்னவர் மணியம் அண்ணன். பொங்கலுக்கு விற்காமல் தங்கிய பானைகள் ஈப்போவில் ஒரு பூசைச் சாமான் கடையில் தூசி படிந்து கிடந்தன. காரின் பின்னிருக்கையில் மாற்று டயருக்குப் பக்கத்தில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழைய சட்டிகளில் அக்கா கருவேப்பிலைக் கன்று வைக்கப் போவதாகச் சொன்னார். மண்ணிலும் நல்ல கிருமிகள் உண்டு, வேண்டாம் என்றேன். "எங்கதான் இல்ல ஒங்க கிருமி?" என்றார்.

அவர் கொடுத்தனுப்பிய தயிரைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கரண்டியால் வெட்டி வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். "எனக்கு அப்பவே தெரியும், அந்த அக்கா அப்படி ஆளு இல்ல. நாளைலேருந்து கொண்டாரச் சொல்லு." பட்டியலில் இவரையும் எழுதினேன்.

கடைசியாகக் கொட்டகைக்குப் பின்னால் மண் எடுத்தோம். எங்கே பழைய ஈரம் அதிகம் என்று அக்காவே காட்டினார். புது பாக்டீரியா கிடைத்தால் அதற்கு ஓர் அடையாளப் பெயர் வைக்க வேண்டும், உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"முன்ன ஒங்க ஊருக்கு அனுப்புனாங்கன்னு சொன்னியே, அது என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"அப்ப எம்பேரு வேணாம். செத்தா, லெட்சுமி செத்துட்டான்னுதானே பேசிக்குவீங்க. ராணி பேர வையி. அவதான் லோரியிலேருந்து தப்பிச்சவ."

ராணி திருச்சியில் நன்றாக வளர்கிறது. முதல் குடுவை தே ஓ நிறத்துக்கு மாறிய அன்று எங்கள் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். மண் எடுத்த இடம் என்ற தலைப்பின் கீழ் இப்படி எழுதினேன்: "பேராக், ஈப்போவுக்கு அருகே, மக்கள் வசிக்கும் முன்னாள் ரப்பர் தோட்டம், பால், தயிர் வியாபாரி லெட்சுமி அவர்களின் மாட்டுக் கொட்டகைப் பின்புறம், அவர் அனுமதியுடன், அவர் காட்டிய இடத்தில் எடுத்தது."

நெறியாளர் படித்துவிட்டு, இது ரொம்ப நீளம், முன்பு அவர்கள் எழுதியதுபோல ஒரே சொல்லில் சுருக்கிவிடலாமே என்றார்.

முடியாது என்றேன்.